இரவில் பிரித்துக் கட்டிய சுவர்

வெளிநாட்டில் ஒரு கிராமத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தோ ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோ திரும்புகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். கொடுக்கப் போனேன், பெற்றுக்கொண்டு வந்தேன் என்கிறார்கள். வாழ்க்கையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது என்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் வேலைக்கான நேர்காணலிலும் இந்தப் பேச்சுக்கு நல்ல மதிப்பு. இப்படி ஆள் அனுப்பிக் கட்டணம் வாங்குகிற நிறுவனங்களும் கிராமத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சின்ன எழுத்திலும், போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரிய எழுத்திலும் போடுகின்றன: தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, உலக அனுபவம்.

சொல்பவர் பொய் சொல்லவில்லை. உள்ளபடியே நெகிழ்ந்துபோய்ச் சொல்கிறார். அதனாலேயே குறுக்குக் கேள்வி கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டாகவேண்டும். வளர்ந்தேன் என்கிறாரே, அப்படி ஏதும் நடந்ததா? நடந்தது என்றால், அதன் செலவு யார் தலையில் விழுந்தது? இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், இந்த விஷயத்தில் வக்காலத்து வாங்குகிறவர்களும் வசைபாடுகிறவர்களும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமலே ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் பிப்பா பிடில் 2014இல் எழுதிய ஒரு கட்டுரை அப்போது உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. பள்ளி மாணவியாக இருந்தபோது அவர் சக மாணவிகளோடு தான்சானியாவுக்குப் போனார். அங்கே ஓர் அனாதை இல்லத்தில் நூலகம் கட்டவேண்டும். ஆளுக்கு 3,000 டாலர் கட்டணம். ஒரு வாரம் வேலை, அடுத்த வாரம் வனவிலங்குகளைப் பார்க்கும் சஃபாரி. பகலெல்லாம் மாணவிகள் கலவை குழைத்துச் செங்கல் அடுக்கினார்கள். அடுக்கியது எதுவும் நிற்கிற மாதிரி இல்லை. ஊர் ஆண்கள் ஒவ்வோர் இரவும் வந்து அதைப் பிரித்துப்போட்டு, முதலிலிருந்து சரியாகக் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்து வந்த மாணவிகளுக்குத் தாங்கள் நேற்றுக் கட்டிய சுவர்தான் நிமிர்ந்து நிற்கிறது என்று எண்ணம்.

செங்கல் வேலை எல்லோருக்கும் வந்துவிடுகிற வேலை இல்லை. நம்மூரில் சித்தாளாகச் சேர்ந்து, கல் எடுத்துக்கொடுத்து, கலவை சுமந்து, பார்த்துப் பார்த்துப் பழகிய பிறகுதான் ஒருவர் கையில் கரணை வரும். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாதவரை எந்த மேஸ்திரியும் சாரத்தில் ஏற்றமாட்டார். தப்பாக ஒரு வரி வைத்தால் காலால் எத்திவிட்டு, "என்னடா இது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் தொழில் கற்றுக்கொடுக்கப்படுகிறது. தான்சானியாவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. விருந்தாளி மனம் நோகக்கூடாது என்ற நாகரிகம் ஒரு பக்கம், விருந்தாளி கொண்டுவரும் பணம் நின்றுவிடக்கூடாது என்ற கணக்கு ஒரு பக்கம் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஊர்க்காரர்களை இரவுப்பணிக்கு அனுப்பின.

இந்தக் கதையை வெளிநாட்டுத் தொண்டின் அபத்தத்துக்குச் சான்றாகத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பிடில் வளரத்தான் செய்தார். பின்னாளில் இந்தத் தொண்டுப் பயணத் தொழிலைப் பற்றியே விரிவாக ஆராய்ந்து ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் அந்த வளர்ச்சி செங்கல் அடுக்கிய ஒரு வாரத்தில் வரவில்லை. தாங்கள் அடுக்கியது நிற்கவில்லை என்ற செய்தி காதில் விழுந்த பிறகு வந்தது. செய்தி எட்டாமலே போயிருந்தால் அவரும் மற்றவர்களைப்போல, ஆப்பிரிக்காவில் நூலகம் கட்டினேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பார். அதையும் மனமார நம்பித்தான் எழுதியிருப்பார்.

இந்த முடிச்சை வெகு முன்பே கையில் எடுத்தவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் ஓர் ஆய்வு மையம் நடத்தியவர். கோடை விடுமுறையில் மெக்சிகோக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் 1968 ஏப்ரலில் அவர் ஆற்றிய உரை இன்றும் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக வாசிக்கப்படுகிறது. தன்னைப் பேச அழைத்தவர்களிடமே, தயவுசெய்து போகாதீர்கள் என்றார். சுற்றிப்பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய வேண்டுகோள். தொண்டுதான் செய்யவேண்டுமென்றால் உங்கள் நாட்டுச் சேரிகளிலேயே செய்யலாமே, அங்கே உள்ளவர்களுக்கு உங்கள் மொழி தெரியும், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே வெளியே போ என்று சொல்வார்கள் என்றும் கேட்டார்.

இல்லிச்சின் கோபத்தில் மிகை உண்டு. அவரே வேறு நாட்டிலிருந்து வந்து மெக்சிகோவில் ஊன்றியவர். சுற்றுலாப் பயணி தீங்கற்றவர், தொண்டர்தான் ஆபத்தானவர் என்ற பிரிவினையும் அவர் நினைத்த அளவுக்குச் சுத்தமாக நிற்காது. சுற்றுலாவும் ஊர்களைத் தின்றிருக்கிறது. ஆனால் 'வெளியே போ' என்று சொல்ல முடிகிற இடம், முடியாத இடம் என்று அவர் கிழித்த கோடு அசைக்க முடியாதது. அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றக் கேள்விகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன.

முதல் கேள்விக்கு வருவோம். வளர்ச்சி நடக்கிறதா என்பதைப் போய்வந்தவரிடமே கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். கைக்காசு செலவழித்து, வெயிலில் காய்ந்து, வயிற்றுப்போக்கில் கிடந்து திரும்பியவர், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அவர் வாயிலிருந்து வராத சான்று ஏதாவது இருக்கிறதா என்று தேடவேண்டும்.

ஹோண்டுராஸில் அப்படி ஒன்று கிடைத்தது. 1998இல் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு, வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் சாரிசாரியாக வந்து வீடு கட்டிக்கொடுத்தன. அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் இரண்டு தரப்பையும் விசாரித்தார்; ஆய்வு 2006இல் வெளியானது. வந்த குழு கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களுக்கும், உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் வாழ்க்கையில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வீடு வீடுதான். ஆனால் உள்ளூர் அமைப்பு ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் முடித்தது. வந்துபோன ஒரு குழு விமானக் கட்டணமும் சேர்த்துச் செலவழித்தது ஏறத்தாழ 30,000 டாலர்.

இந்தக் கணக்கைக் காட்டினால் வழக்கமாக வரும் பதில்: வீடு முக்கியமில்லை, வந்தவர்கள் மாறிவிடுகிறார்கள், ஊருக்குத் திரும்பி வாழ்நாளெல்லாம் கொடுப்பவர்களாகிறார்கள், மிச்சம் 28,000 டாலர் அந்த மாற்றத்துக்கான முதலீடு. நியாயமான வாதம்தான், மாற்றம் உண்மையென்றால். வெர் பீக் அதையும் சோதித்தார். பயணத்துக்குப் பிறகு கூடுதலாக நன்கொடை தருகிறோம் என்று சொன்னவர்கள் நிறைய. நன்கொடை பெற்ற அமைப்பின் வரவுக் கணக்கைப் புரட்டினால் அந்தப் பேச்சுக்கு ஈடான உயர்வு இல்லை. பெரும்பாலானவர்களின் வாழ்க்கை கொஞ்ச நாள் அசைந்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. நாம் மாறினோமா என்பதை நம்மைவிட நம் வங்கிக் கணக்கு தெளிவாகச் சொல்லிவிடும்போல.

இதை வைத்து எல்லாப் பயணமும் வெறுங்கதை என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. ஓராண்டோ அரையாண்டோ வெளிநாட்டில் தங்கிப் படிக்கப் போன ஜெர்மன் மாணவர்களையும், போகாமல் ஊரிலேயே இருந்தவர்களையும், மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஜூலியா சிம்மர்மன், ஃபிரான்ஸ் நேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒப்பிட்டு 2013இல் எழுதினார்கள். போகிறவர்கள் போவதற்கு முன்பே சற்று வேறுமாதிரியானவர்கள், கூச்சம் குறைந்தவர்கள் என்பது தெரிந்தது. 'பயணம்தான் என்னைத் துணிச்சல்காரனாக்கியது' என்பவரிடம், துணிச்சல் இருந்ததால்தான் கிளம்பினாய் என்று பாதியளவாவது சொல்லிவிடலாம். ஆனால் மீதிப் பாதி நிஜம். போய்வந்தவர்களுடைய மனத்திறப்பு கூடியிருந்தது, பதற்றம் தணிந்திருந்தது. அதற்குக் காரணமாகத் தெரிந்தது அங்கே புதிதாகக் கிடைத்த உறவுகள். மாற்றியது நிலக்காட்சி இல்லை, மனிதர்கள். 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, வெளிநாட்டு வாழ்க்கை தன்னைப் பற்றிய தெளிவைக் கூட்டுவதை உறுதி செய்துவிட்டு, எத்தனை நாடு போனோம் என்பதைவிட எவ்வளவு காலம் தங்கினோம் என்பதே கணக்கு என்றது. இவையெல்லாம் படிக்கவும் வேலைக்கும் போனவர்களைப் பற்றியவை, தொண்டர்களைப் பற்றியவை இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. படிக்கப் போகிறவர் ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்குகிறார். தொண்டருக்கு யார் மதிப்பெண் போடுகிறார்?

அப்படியானால் நீண்ட காலம் தங்கினால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. சமூகவியலாளர் டக் மெக்கடம் செய்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் அமெரிக்காவுக்குள்ளேயே நடந்தவை. ஆனால் 1964இல் வடக்கிலிருந்து கிளம்பிய வெள்ளைக்கார மாணவர்களுக்கு மிசிசிப்பி மாநிலம் அயல்நாடுதான். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய அந்தக் கோடையில் ஆயிரம் பேர்வரை போனார்கள். கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள். திட்டத்தை நடத்தியவர்கள் கறுப்பின இளைஞர்கள். வெள்ளையர்களை அழைக்கலாமா வேண்டாமா என்று தங்களுக்குள் சண்டைபோட்டு முடிவெடுத்த பிறகுதான் அழைத்தார்கள். ஆரம்பத்திலேயே மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். தேர்வாகியும் கடைசி நேரத்தில் போகாமல் நின்றவர்களை ஒரு பக்கமும் போனவர்களை ஒரு பக்கமும் வைத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மெக்கடம் ஒப்பிட்டார். ஒரே ஒரு கோடைதான். ஆனால் போனவர்கள் அரசியலில் தொடர்ந்து ஈடுபட்டிருந்தார்கள். வருமானம் குறைவு, மணமாகாமல் இருந்தவர்களும் அதிகம். வளர்ச்சி என்று இதைச் சொன்னால் அதற்கு அவர்களே விலை கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆய்வு 2009இல் வந்தது. நல்ல கல்லூரிகளில் படித்தவர்கள் ஏழைப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு ஆசிரியர் வேலை பார்க்கும் 'டீச் ஃபார் அமெரிக்கா' திட்டத்தைப் பற்றியது. இரண்டு ஆண்டையும் முழுதாக முடித்தவர்கள் நன்கொடை, வாக்களிப்பு, பொதுக் காரியம் ஆகியவற்றில் பிற்காலத்தில் முன்னால் நிற்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் இடம் கிடைத்தும் சேராதவர்களைவிட, பாதியில் விட்டுப் போனவர்களைவிட, இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். கொள்கை பற்றிக் கேட்டால் பதில் நன்றாக வந்தது, செயலில்தான் இல்லை. களைத்துப் போயிருக்கலாம், கசந்து போயிருக்கலாம். எப்படியானாலும், ஒரு கோடை சிலரை வாழ்நாளுக்கும் மாற்றுகிறது, இரண்டு ஆண்டு சிலரைச் சும்மா விடுகிறது என்றால் காலண்டரை மட்டும் பார்த்துப் பயனில்லை. யார் பொறுப்பில், யார் சொற்படி, எந்த ஆபத்தைப் பங்குபோட்டுக்கொண்டு அங்கே இருந்தோம் என்பதைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி, செலவு. இதில் ஒரு பகுதியை நீட்டி விவாதிக்கத் தேவையில்லை. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது என்கிறது யுனிசெஃப். நாட்டில் அனாதைகள் பெருகவில்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பெருகியது கொஞ்சிவிட்டுப் போக வந்த வெளிநாட்டார் கூட்டமும் அவர்களோடு வந்த நன்கொடையும்தான். ஏழைப் பெற்றோரிடம் சாப்பாடும் ஆங்கிலக் கல்வியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டிப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வந்து, வருகிறவர்கள்முன் ஆடவிட்டிருக்கிறார்கள். நேபாளத்திலும் இதே கதை நடந்தது. இரண்டு வாரம் மடியில் வைத்திருந்தவர் போய்விட, அடுத்த இரண்டு வாரத்துக்கு வேறொரு மடி என்று சிறு குழந்தையைப் பழக்கினால் அதன் மனத்துக்கு என்ன ஆகும் என்று லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் தென்னாப்பிரிக்க அனுபவத்தை வைத்து 2010இலேயே எச்சரித்திருந்தார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது அனாதை இல்லத்துக்காகப் பிள்ளை கடத்துவதையும் அந்த வகையில் சேர்த்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் அனாதை இல்லச் சுற்றுலாவைச் சுட்டிக் கண்டித்தது. அந்தக் குழந்தைகளிடம் அன்பு கற்றுக்கொண்டேன் என்று ஒருவர் உருகினால், அந்த உருக்கம் எவ்வளவு உண்மையானாலும், அதைத் தராசில் வைக்கவே நான் சம்மதிக்கமாட்டேன்.

குழந்தைகள் இல்லாத திட்டங்களில் கணக்கு இவ்வளவு வெட்டொன்று துண்டு இரண்டாக இல்லை. அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். குடியரசுத் தலைவர் கென்னடி 1961 மார்ச் 1 அன்று தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, இரண்டு ஆண்டு வேலை. அதன் சட்டத்தில் எழுதப்பட்ட மூன்று நோக்கங்களில் ஒன்றுதான் பயிற்சி பெற்ற ஆட்களைக் கேட்கிற நாட்டுக்குத் தருவது. மற்ற இரண்டும் அமெரிக்கரை மற்றவர்கள் புரிந்துகொள்வதும் மற்றவர்களை அமெரிக்கர் புரிந்துகொள்வதும். பாதிக்கு மேல் சுயநலம் என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் குழு அந்த ஆகஸ்டில் கானாவின் அக்ரா விமானநிலையத்தில் இறங்கியது. 51 பேரும் அங்கேயே நின்று, அந்நாட்டு மொழியான ட்வியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். வந்தவுடன் தங்களை மற்றவர் சிரிக்கக்கூடிய இடத்தில் நிறுத்திக்கொண்டது நல்ல தொடக்கம்.

அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் நடந்தது இன்னும் படிப்பினை நிறைந்தது. பயிற்சியில் இருந்த பெண் தொண்டர் ஒருவர், தான் கண்ட ஏழ்மையையும் அழுக்கையும் அதிர்ச்சியோடு வர்ணித்து ஊரிலுள்ள நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டை வழியில் தவறிவிட்டது. பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் ஒருவர் கையில் கிடைத்து, பிரதி எடுக்கப்பட்டு, வளாகமெங்கும் பரவியது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டு நாடு திரும்பவேண்டியதாயிற்று. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட எழுத்தை யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களே படிப்பது அபூர்வம். இபாதானில் படித்தார்கள், பதில் சொன்னார்கள். நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது, பதில் சொல்லும் திராணி அந்த மாணவர்களுக்கு இருந்தது. இன்று அஞ்சலட்டையின் இடத்தில் இன்ஸ்டாகிராம். படத்தில் இருக்கிற பிள்ளையின் தாய் அதன்கீழ் எழுதப்பட்டதைப் படிப்பதில்லை. இந்தப் பட மோகத்தைக் கிண்டல் செய்து நார்வே மாணவர் அமைப்பு ஒன்று வெளியிட்ட காணொளிகள் எந்த ஆய்வுக் கட்டுரையையும்விடக் கூர்மையானவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீஸ் கோரில் வளர்ந்தவர்கள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறார்கள். பால் தெரூ 1963இல் மலாவிக்கு ஆசிரியராகப் போனார், 1965இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார், பெரிய எழுத்தாளரானார். பல ஆண்டு கழித்து ஆப்பிரிக்கா நெடுக நிலவழிப் பயணம் போனபோது தான் பாடம் நடத்திய பள்ளியைப் போய்ப் பார்த்து, அது சிதைந்துகிடந்த நிலையை 2002இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். பள்ளி சிதைந்ததற்கு அவர் பொறுப்பில்லை. அரசும் பொருளாதாரமும் செய்த வேலை அது. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு வெளியார் உதவியைப் பற்றி அவர் எழுதிய கசப்பான வரிகளைப் படிக்கும்போது, ஆசிரியர் பெற்றதையும் பள்ளி பெற்றதையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிரிட்டனின் வி.எஸ்.ஓ. தன்னையே திருத்திக்கொண்ட தொண்டர் அமைப்பு. அலெக் டிக்சனும் மோரா டிக்சனும் 1958இல் தொடங்கியபோது பள்ளி முடித்த 18 வயதுப் பையன்களைத்தான் அனுப்பினார்கள். பையன்களுக்கு நல்லது என்பதுதான் டிக்சனின் நம்பிக்கை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குத் தேவைப்பட்டவர்கள் செவிலியர், பொறியாளர், பயிற்சி பெற்ற ஆசிரியர். சில ஆண்டுகளில் பட்டதாரிகள் வந்தார்கள். 1980 வாக்கில் தொழில் தெரியாதவர்களை அனுப்புவது முழுக்க நின்றது. பிறகு கென்யாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து மற்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள். 2007இல் இதே அமைப்புதான், திட்டமில்லாத தொண்டுப் பயணத்துக்குப் பணம் கட்டுவதைவிடப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதே மேல் என்று இளைஞர்களுக்குப் புத்தி சொன்னது. இல்லிச் மாணவர்களிடம் சொன்னது 39 ஆண்டு கழித்து ஓர் அலுவலக அறிக்கையாக வந்து சேர்ந்தது.

தொண்டு செய்பவரின் உள்வளர்ச்சிதான் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லியே நடந்த இயக்கங்களும் உண்டு. அவற்றை நான் எளிதில் தள்ளமாட்டேன். கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த ஊர். அங்கே தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் சுமந்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து பிறந்தது. நாம் சாலை போடுகிறோம், சாலை நம்மை ஆக்குகிறது என்பது அவர்களுடைய பிரபலமான முழக்கம். தொண்டுச் சுற்றுலா விளம்பரத்திலும் ஒட்டக்கூடிய வாசகம்தான். ஆனால் சிரமதானத்தில் மண்வெட்டி ஊர்க்காரர் கையிலும் இருந்தது. நாளின் இடையிடையே எல்லோரும் உட்கார்ந்து பேசும் குடும்பக் கூட்டம் உண்டு, அங்கே ஊர்க்காரரும் வாய்திறந்தார். விழிப்பு வருவது வந்தவருக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பின்னாளில் ஜோவானா மேசி என்ற அமெரிக்க அறிஞர் ஓராண்டு அந்த இயக்கத்தோடு தங்கினார். உதவ வரவில்லை, கற்க வந்தார். கற்றதை 1983இல் புத்தகமாகவும் எழுதினார்.

அதற்கும் முன்னோடி சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரசோல். முதல் உலகப் போரில் வெர்டூன் பக்கத்தில் தரைமட்டமான எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்தை 1920இல் பல நாட்டுத் தொண்டர்களோடு கட்டியெழுப்பப் போனார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் சில மாதங்களில் கிளம்பவேண்டி வந்தது. கட்டடக் கணக்கில் பார்த்தால் தோல்வி. ஆனால் சர்வதேசத் தொண்டு முகாம் என்ற முறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1934 ஜனவரியில் பிகாரைப் பூகம்பம் அழித்தபோது செரசோல் சில தோழர்களோடு இந்தியாவுக்கு வந்தார். காந்தியைச் சந்தித்தார், உள்ளூர் நிவாரணப் பணிக்குள் தன்னை இணைத்துக்கொண்டு புதுக் குடியிருப்புகள் அமைக்க உழைத்தார். ஒரு கிராமத்திலிருந்து போகச் சொன்னார்கள், போனார். இன்னொரு நாட்டில் இருந்த தலைமைக்குக் கீழே வேலை செய்தார். அவரிடம் வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு செயலிலும் இருக்கிறது.

ஆக என் தீர்ப்பு இது. பணம் கட்டிப் போகும் குறுகிய காலத் தொண்டுப் பயணங்கள் தருவதாகச் சொல்லும் ஆளுமை வளர்ச்சி பெரும்பகுதி போனவரின் சொந்த வாக்குமூலம் மட்டுமே. அளந்து பார்த்த இடத்தில் அது சுருங்கிவிட்டது. குழந்தைகள் இல்லம் என்றால், சந்தேகத்துக்கே இடமில்லை, போகக்கூடாது. மற்றவற்றில், வந்தவரைத் திருத்தவும் திருப்பி அனுப்பவும் ஊருக்கு அதிகாரம் இருந்த இடங்களில் வளர்ச்சி நிஜமாக நடந்திருக்கிறது, காலம் குறைவாக இருந்தபோதும்கூட. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் இரண்டு ஆண்டும் வீண் போகலாம். கற்கப் போகிறேன், கட்டணம் கொடுத்துக் கற்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் எனக்கு மறுப்பே இல்லை. அந்தப் பணம் தரகரிடம் நிற்காமல் ஊருக்குப் போகட்டும், தொண்டு என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

நம்மவர்களிடமும் இது வந்துவிட்டது. டொராண்டோவிலும் லண்டனிலும் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இலங்கையின் வன்னிக்கு வந்து ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இல்லிச் கிழித்த கோட்டில் அவர்கள் எந்தப் பக்கம்? அரைகுறையானாலும் மொழி தெரியும். "தம்பி, நீர் கதைக்கிறது பிள்ளையளுக்கு விளங்கேல்லை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லும்" என்று பின்வரிசையில் நிற்கிற ஆசிரியையால் சொல்லிவிட முடியும். அம்மம்மா வீட்டில் அதைவிடக் கடுமையாகக் கிடைக்கும். அந்த வகையில் தான்சானியாவுக்குப் போன மாணவிகளைவிட இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் டாலரும் பவுண்டும் இங்கேயும் வாயைக் கட்டும். வெளிநாட்டிலிருந்து கட்டடத்துக்குக் காசு அனுப்புகிறவரின் மகன் எடுத்த வகுப்பு பிரயோசனமில்லை என்று எந்தப் பள்ளி அதிபர் எழுதிக்கொடுப்பார்? போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் விடுதிகள் என்றால் கம்போடியாவைப் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். இரத்த உறவு, மொழி உறவு எதுவும் அதை மாற்றாது.

போகத் துடிக்கிற பிள்ளையும் பணம் கட்டப்போகிற பெற்றோரும் நிறுவனத்திடம் தங்குமிடம், சாப்பாடு, பாதுகாப்பு, சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். இன்னும் ஒன்று கேட்கலாம். நீங்கள் ஆள் அனுப்புகிற ஊர்களில் எந்த ஊராவது, இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதா? யாரையாவது பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா, என்ன காரணம் சொன்னார்கள்? அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம்.